நாலரைக் கட்டை

காலை ஆறு மணிக்குப் பினாங்கின் லெபோ பாசார் தெருவில் எந்தக் கடையும் திறந்திருக்காது. ஒன்பதரைக்குக் கீழ்த்தளத்து மாலைக் கடைக்காரர் வாசலில் ஸ்பீக்கரை வைத்துச் சினிமாப் பாட்டை அலற விடுவார். அதற்குப் பிறகு மாடியில் இருப்பவருக்குத் தன் தும்மல்கூடக் கேட்காது. நடுவில் இருக்கிற மூன்றரை மணி நேரம்தான் விநாசித்தம்பி அண்ணனின் வேலை நேரம். அப்போது மாடிப்படி ஏறிக் கதவைத் தட்டுகிறவர்களை அவர் மனிதர்களாகவே மதிப்பதில்லை. நான் பல முறை தட்டியிருக்கிறேன்.

பழைய இசைத்தட்டுகளைத் தேடிப் பிடித்து, கழுவி, ஓட்டி, பாட்டைக் கணினியில் ஏற்றி, கீறலையும் இரைச்சலையும் நீக்கி மறுபடி வெளியிடுவதுதான் அவர் வேலை. எழுபது, எண்பது, தொண்ணூறு வருடத்துக்கு முந்தைய கர்நாடக இசை மட்டும். முகவரி அட்டையில் ‘தயாரிப்பாளர்’ என்று போட்டிருக்கிறார். அதைப் பார்த்துவிட்டுச் சொந்தக்காரர் ஒருவர், தன் மகனுக்குப் படத்தில் சின்ன வேஷமாவது கிடைக்குமா என்று கேட்டு வந்தார். அண்ணன் அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து, மிகப் பழைய நாகசுர ஆலாபனை ஒன்றை முழுவதும் கேட்க வைத்து அனுப்பினார். அவர் திரும்பி வரவில்லை.

நான் பிரமிளா. பட்டர்வொர்த்தில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் வேலை. அண்ணனுடைய வெளியீடுகளோடு வரும் சிறு புத்தகத்தை எழுதுவது நான்தான். பாடியவர் யார், எங்கே பிறந்தார், என்ன ராகம் என்கிற விவரமெல்லாம் அதில் இருக்கும். இதற்குச் சம்பளம் கிடையாது. சண்டை மட்டும் உண்டு. பதினாறு வருடமாக நடக்கிறது.

அதற்கு முன்னால் அண்ணன் இருபத்தேழு வருடம் மாக் மண்டினில், ஸ்பீக்கர் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருந்தார். சோதனைப் பிரிவு. ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ‘ஊ’ என்று ஒரு சத்தத்தை அடியிலிருந்து உச்சி வரைக்கும் ஓட்டுவார்கள். நடுவில் எங்காவது கரகரத்தால் ஒதுக்கிவிட வேண்டும். ஒரு நாளைக்கு எண்ணூறு ஸ்பீக்கர். மற்றவர்கள் இரண்டு வருடத்தில் வேறு பிரிவுக்கு ஓடிவிடுவார்கள். இவர் வேலையை விடும் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். கரகரப்பு என்றால் அவருக்கு ஆகாது. என் பழைய கெரேத்தாவில் ஏறினாலே, “இடது பக்கக் கார்க் கதவுல ஒரு நட்டு லூசா இருக்கு லா” என்பார். உண்மையாகவே இருக்கும்.

வெளியீடு பதினொன்று வரைக்கும் எங்களை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒவ்வொன்றும் இருநூறு படி அடிப்போம். எண்பது போகும். மீதி அவர் கட்டிலுக்கு அடியில் போகும். அவர் மனைவி மீனாட்சி அக்கா அந்தக் கட்டிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் கிளம்பிவிடுவேன்.

பன்னிரண்டாவது நாகபூரணி.

லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் கடை போடும் நூர் முகம்மது, ஒரு மலாய்ச் செய்தித்தாளில் சுற்றி மூன்று தட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். மேலே ‘பொன்வண்டு’ என்று ஒரு முத்திரை. பினாங்கிலேயே ஒரு கடைக்காரர் 1938-ல் சொந்தமாக இயந்திரம் வாங்கிப் பதிவு செய்து, தட்டடிக்க வெளியூருக்கு அனுப்பி, விற்பனை ஆகாமல் ஒரே வருடத்தில் கடையை மூடியிருக்கிறார். பாடியவர் பெயர் நாகபூரணி. தானே ஆர்மோனியம் வாசித்துக்கொண்டு பாடியிருந்தார். மூன்று தட்டு, ஆறு பாட்டு. அதற்கு முன்னும் பின்னும் அந்தப் பெயரில் எதுவுமே இல்லை.

தட்டை ஓட்டியபோது நாங்கள் இருவரும் வாயைப் பிளந்தோம். சிறுமிக் குரல். சுரங்கள் அருவி மாதிரி கொட்டின. அத்தனை வேகத்தில் அத்தனை சுத்தமாகப் பாட யாரால் முடியும் என்று ஆகிவிட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பழைய தட்டை எந்த வேகத்தில் ஓட்டுவது என்பதுதான் இந்தத் தொழிலின் தலைவலி. நிமிடத்துக்கு எழுபத்தெட்டுச் சுற்று என்று பொதுவாகச் சொன்னாலும் பதிவு செய்தவர்கள் அதை ஒழுங்காகக் கடைப்பிடித்ததில்லை. வேகம் கூடினால் குரல் மெலிந்து மேலே போகும், குறைந்தால் தடித்துக் கீழே வரும். அதனால் பாடகரின் சுருதியை வைத்து வேகத்தைச் சரிசெய்வார்கள். சுருதியை நம் ஆட்கள் கட்டை என்று ஆர்மோனியக் கட்டைகளை வைத்துக் கணக்குச் சொல்வார்கள்; வெள்ளைக் கட்டைக்கு முழு எண், கறுப்புக்கு அரை. ஆணென்றால் ஒன்று, ஒன்றரை. பெண்ணென்றால் ஐந்து, ஐந்தரை. இதை எங்கள் ரசிகர்களிடம் மறுத்துப் பேசிப் பாருங்கள், சபையை விட்டே விலக்கிவிடுவார்கள்.

நாகபூரணியின் தட்டு எழுபத்தெட்டில் ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவில் நின்றது. அண்ணன் அதை இழுத்து ஐந்தரையில் வைத்தார். “பொம்பள குரலு, அந்தக் காலம், ஐந்தரைதான். சந்தேகமே இல்ல,” என்றார். ஒரே ஒரு தொல்லை இருந்தது. ஆறு பாட்டிலும் அங்கங்கே ஆர்மோனியத்தில் ஒரு கரகரப்பு. அதை ஒவ்வொன்றாகப் பிடித்து வழித்து எடுக்க மூன்று வாரம் ஆனது. வேலை முடிந்த அன்று எனக்குக் கறிபஃப் வாங்கிக் கொடுத்தார். அவர் எனக்கு எதையும் வாங்கிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

நான் புத்தகத்தில் ‘பினாங்குக் குயில்’ என்று எழுதினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் எழுதினேன். குரலை வைத்து இருபது வயதிருக்கும் என்று தோன்றியவர் பிறகு ஏன் மேடையேறவில்லை என்று தெரியாததால், ‘திருமணத்துக்குப் பின் அக்காலப் பெண்கள் பலரையும் போலப் பாட்டைத் துறந்தார்’ என்று நானே ஒரு வரியைச் சேர்த்தேன். அப்படித்தானே இருந்திருக்கும் என்று ஒரு நினைப்பு.

பிறகு நடந்ததை எங்களாலேயே நம்ப முடியவில்லை. சென்னையில் ஓர் இசைப் பத்திரிகை இரண்டு பக்கம் எழுதியது. இணையத்தில் இரண்டு லட்சம் பேர் கேட்டார்கள். சிங்கப்பூரில் ஒரு ரசிகர் சங்கம் அண்ணனைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தியது. கட்டிலுக்கு அடி காலியானது. கடைசியில், போன வருடம் சென்னையிலிருந்து ஒரு சபா, டிசம்பரில் வந்து ‘பினாங்குக் குயில்’ பற்றி அரை மணி நேரம் பேச முடியுமா என்று கேட்டு எழுதியது. அறுபத்துநாலு வயதில் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கப் போனவர், படத்துக்கு முதன்முதலாகச் சிரித்தார். அவர்கள் சிரிக்கக் கூடாது என்று சொல்லி மறுபடி எடுக்க வைத்தார்கள்.

ஆகஸ்டில் அந்தச் செய்தி வந்தது. கெப்பாலா பத்தாஸில் அரசாங்க அலுவலகத்தில் வேலை செய்யும் அனுஜா என்பவர் எழுதியிருந்தார். ‘நாகபூரணி என் அம்மாவின் அம்மா. அம்மாவுக்கு உங்கள் பதிவைப் போட்டுக் காட்டினேன். பாட்டு அம்மம்மா பாடுவதுதான், ஆனால் குரல் அவர்களுடையது இல்லை என்று சொல்கிறார். தயவுசெய்து பெயரை எடுத்துவிடவும்.’

அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. “தட்டுலயே பேரு அச்சடிச்சிருக்கு. வயசானவங்க, மறந்திருப்பாங்க.”

“பெத்த அம்மா குரல் மறந்துடுமாண்ணே?”

“நீ சும்மா இரு.”

சும்மா இருக்கவில்லை. அடுத்த ஞாயிறு அண்ணனை ஃபெர்ரியில் ஏற்றி, அந்த அம்மா இருக்கும் பாகான் டாலாமுக்குக் கூட்டிப்போனேன். வழி முழுக்க அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தார்.

அனுஜாவின் அம்மா தவமணி அக்காவுக்கு எண்பத்திரண்டு வயது. மெலிந்த உடம்பு, நிமிர்ந்த முதுகு. பட்டர்வொர்த் தொலைபேசி நிலையத்தில் முப்பத்தொரு வருடம் இணைப்புக் கொடுப்பவராக இருந்தவர். எங்களை உட்கார வைத்ததும் நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார்.

“தம்பி, நான் முகத்தப் பாக்காமயே ஆளச் சொல்ற வேலையில இருந்தவ. ஹலோன்னு சொன்னா போதும், ஃபார்மசிக்காரரா, துறைமுகத்து ஆபீஸரான்னு தெரிஞ்சிடும். அம்மா குரல் கனமா இருக்கும், நல்லா அடியிலேர்ந்து வரும். இது யாரோ சின்னப் புள்ள.”

“தட்டுல உங்க அம்மா பேருதான் இருக்கு அக்கா,” என்றார் அண்ணன், விறைப்பாக.

“தட்டு போட்டது உண்மதான். அம்மா சொல்லியிருக்காங்க. ஒரு பக்கத்துல மூணு நிமிஷந்தான் புடிக்கும், ஒரு சரணத்த விட்டுடுங்கன்னு அந்தக் கடைக்காரர் கேட்டாராம். அம்மா முடியாதுன்னுட்டாங்க. சரி, முழுசா பாடுங்க, மெஷின நான் பாத்துக்கறேன்னு சொன்னாராம்.”

அதை நானும் காதில் வாங்கினேன், அண்ணனும் வாங்கினார். இரண்டு பேருக்கும் எதுவும் உறைக்கவில்லை. எங்களுக்கு வாய்த்த மூளை அப்படி.

கூடத்தின் மூலையில் துணி போர்த்தி நாகபூரணியின் ஆர்மோனியம் இருந்தது. பேச்சை மாற்றுவதற்காக அண்ணன் எழுந்து போய்த் துணியை விலக்கி, துருத்தியை அசைத்து, ஒவ்வொரு கட்டையாக அழுத்தினார்.

“அந்தக் கறுப்பு மட்டும் வேணாம் தம்பி,” என்றார் தவமணி அக்கா. “மொதக் கறுப்பு இருக்கே, அது. உறுமும். தாத்தா வாங்கிக் கொடுத்த நாள்லேர்ந்து அப்படித்தானாம். அம்மா ரிப்பேர் பண்ணவே விடல.”

அண்ணன் அதை அழுத்தினார். கர்ர்ர்.

அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. மறுபடி அழுத்தினார். கர்ர்ர். மூன்று வாரம் உட்கார்ந்து, குப்பை என்று நினைத்து அவர் வழித்து எறிந்த அதே சத்தம்.

திரும்பும்போது அவர் ஃபெர்ரியின் இரைச்சலில் விரல்களை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டே வந்தார். மறுநாள் காலை ஆறேகாலுக்கு அவரே என்னைக் கூப்பிட்டார். அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஓடினேன்.

சுத்தம் செய்யாத பழைய பதிவை ஓட்டிக் காட்டினார். கரகரப்பு எங்கே வருகிறது என்று கேட்கச் சொன்னார். பஞ்சமத்தில், அதாவது ‘ப’ சுரத்தில், மட்டும் வந்தது. ஆறு பாட்டிலும், பஞ்சமத்தைத் தொடும்போது மட்டும்.

“அந்த வீட்டுல உறுமுற கட்டை ஒன்னரை,” என்றார். “ஒன்னரை பஞ்சமம்னா சட்ஜம், அதாவது பாடினவங்க சுருதி, எது?”

நான் விரல் விட்டு எண்ணினேன். “நாலரை.”

“நாலரை. நான் ஐந்தரைல வெச்சேன். ஒரு முழுக் கட்டை மேல. அவங்க சரணத்த விட மாட்டேன்னதும் அந்த மனுஷன் மெஷின மெதுவா ஓட விட்டு முழுப் பாட்டையும் ஒரே பக்கத்துல அடைச்சிட்டான். இந்தத் தட்ட எவ்வளவு மெதுவா ஓட்டணும்னு மேல அச்சடிக்கல. அன்னையிலேர்ந்து எல்லாரும் வேகமாத்தான் ஓட்டியிருக்காங்க. நானும் சேத்து.”

வேகத்தைக் குறைத்து நாலரைக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு பாட்டும் இருபது வினாடிக்கு மேல் நீண்டது. சிறுமி போய்விட்டாள். நல்ல கனமான, நிதானமான, ஒரு பெரிய மனுஷியின் குரல் வந்து அறையில் உட்கார்ந்தது. அருவியும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒவ்வொரு சுரத்திலும் கொஞ்சம் நின்று, அதைப் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போகிற பாட்டு. எனக்குப் பழையதைவிட நூறு மடங்கு பிடித்தது. அதைச் சொன்னேன்.

அவர் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தார். “ரெண்டு லட்சம் பேரு கேட்டது மெஷின் வேகத்த, பிரமிளா. பாட்டை இல்ல. பொன்னாடை போத்தினது அதுக்கு. சென்னையில போயி நான் என்னத்தச் சொல்றது? எனக்குச் சுருதி வைக்கத் தெரியலன்னா?”

மனதுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. இருபத்தேழு வருடம் ‘ஊ’ சத்தம் கேட்டவருக்கு, பதினாறு வருடம் கட்டிலுக்கு அடியில் அடுக்கியவருக்கு, வாழ்க்கையில் ஒரே ஒரு முறை கிடைத்த பேர் அது. அதனால் நானே ஒரு வழி சொன்னேன். பழையது அப்படியே இருக்கட்டும். பக்கத்தில் புதியதையும் போடுவோம், ‘மாற்று வடிவம்’ என்று. கேட்கிறவர்கள் பிடித்ததை எடுத்துக்கொள்ளட்டும். சென்னையிலும் இரண்டையும் போட்டுக் காட்டலாம். யாருக்கும் மூக்கு உடையாது.

“அது சரியா வரும்,” என்றார் அண்ணன். நான் எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசுகிறவர் உடனே ஒப்புக்கொண்டது எனக்கு உறுத்தியது. இருந்தாலும் நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்துப் புதிய பதிவை எடுத்துக்கொண்டு பாகான் டாலாமுக்குப் போனோம். இந்த முறை கரகரப்பை அவர் தொடவில்லை. அப்படியே விட்டிருந்தார்.

தவமணி அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அனுஜா தேநீர்த் தட்டோடு வந்தார். அண்ணன் கையோடு கொண்டுவந்திருந்த ஸ்பீக்கரை மேசையில் வைத்து ஓட விட்டார்.

முதல் வரி முடிவதற்குள் தவமணி அக்காவின் கை வாய்க்குப் போய்விட்டது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, அதை அவர் துடைக்கவில்லை. ஆறு பாட்டும் முடிவதற்குள் தேநீர் ஆறிப்போனது.

“அம்மா,” என்றார். எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை.

கொஞ்சம் பொறுத்து நான் மெதுவாக எங்கள் ஏற்பாட்டைச் சொன்னேன். இரண்டு வடிவமும் இருக்கும், இது மாற்று வடிவமாக வரும், புத்தகத்தில் சில திருத்தம் செய்ய வேண்டும். அதற்காகக் கேட்கிறேன் என்று, “கல்யாணத்துக்குப் பிறகு அம்மா ஏன் மேடைப் பாட்ட விட்டாங்க அக்கா? அப்பாவுக்குப் பிடிக்கலயா?” என்றேன்.

“யாரு சொன்னா அப்பாவுக்குப் பிடிக்கலன்னு?”

“நான்தான் அக்கா அப்படி எழுதினேன். அந்தக் காலத்துல...”

“தெரியாம எழுதலாமா? அப்பா கெஞ்சுவாரு, பாடு பாடுன்னு.” தவமணி அக்காவின் குரல் உயர்ந்தது. “கல்யாணமெல்லாம் இல்ல. இந்தத் தட்டுதான். தட்டு வந்த அன்னிக்கு, நான் அப்ப பொறக்கல, எங்க தெருவுல கிராமபோன் இருந்த ஒரே வீட்டுல எல்லாரும் கூடிட்டாங்க. அம்மா அதுவரைக்கும் தன் குரல வெளியிலேர்ந்து கேட்டதே இல்ல. யாரு கேட்டிருப்பா அந்தக் காலத்துல? தட்ட ஓட விட்டாங்க. கீச்சுகீச்சுன்னு வருது. சில பேரு சிரிச்சிட்டாங்க. அம்மாவுக்கு என்ன தெரியும்? மெஷின் பொய் சொல்லுமா? இதுதான் நம்ம குரல் போலருக்கு, இத்தன நாளா கோயில்ல எல்லாரும் மரியாதைக்குப் பொறுத்துக்கிட்டுக் கேட்டிருக்காங்கன்னு நினைச்சிட்டாங்க. பாதியில எந்திரிச்சு வீட்டுக்கு வந்தவங்கதான். சாகுற வரைக்கும், நாப்பத்து மூணு வருஷம், வெளியில பாடவே இல்ல. யாராச்சும் பாடச் சொன்னா, என் குரல் உங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லுவாங்க. எனக்குச் சோறு ஊட்டும்போது மட்டும் பாடுவாங்க, அதுவும் கதவச் சாத்திட்டு.”

 அனுஜா எழுந்து வந்து அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணன் எழுந்து நின்றார். எதற்கு எழுந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.  “அக்கா, பழச எடுத்துடறேன்,” என்றார். “ரெண்டும் வேணாம். எல்லா இடத்துலேர்ந்தும் எடுத்துடறேன். சென்னைக்காரங்களுக்கு இப்பவே எழுதி, குயிலெல்லாம் கெடையாது, நான்தான் தப்பா ஓட்டிட்டேன்னு சொல்லிடறேன். வேணும்னா கூப்பிடட்டும், வேணாட்டி விடட்டும்.”

“ரெண்டு லட்சம் பேரு கேட்டாங்கன்னு அனுஜா சொன்னா. உங்களுக்கு நஷ்டமில்லயா தம்பி?”

“இருக்கட்டும் அக்கா.”

தவமணி அக்கா தலையசைத்தார்.

“எடுத்துடுங்க. அம்மா அத ஒரு வாட்டி கேட்டதே போதும்.”